வயல் மருந்தும் வாய் மருந்தும்: ஆபத்தை அளந்து அறிவது எப்படி?

பயிருக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், காய்ச்சலுக்கு விழுங்குவதையும் மருந்து என்கிறோம். எலிக்கு வைப்பதற்கும் கொசுவை விரட்டுவதற்கும்கூட அதே பெயர்தான். காவிரிப் பாசனப் பகுதியில் சிற்றூர் ஒன்றில் பல ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்திவருகிறேன். "நேற்று மருந்து அடித்ததிலிருந்து தலை சுற்றுகிறது, ஏதாவது மருந்து கொடுங்கள்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு கடை மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பேச்சுவழக்கு இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியதில் ஓர் உண்மையும் இருக்கிறது. இரண்டுமே உடலுக்குள் புகுந்து அதன் இயக்கத்தை மாற்றும் வேதிப்பொருள்கள். ஆகவே இரண்டின் ஆபத்தையும் ஒரே விதமான கேள்விகளால் அளக்க முடியும்.

"இது கெடுதலா, இல்லையா?" என்ற கேள்விக்கு எந்த வேதிப்பொருளைப் பற்றியும் நேர்மையான பதில் சொல்ல முடியாது. என்ன பொருள், எவ்வளவு, எந்த வழியாக உடலுக்குள் போகிறது, எவ்வளவு காலமாக, யாருடைய உடலில், வேறு எதனோடு சேர்ந்து என்று பிரித்துக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பதில் கிடைக்கும். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.

வணிகப் பெயரை விட்டு உட்பொருளின் பெயரைப் படியுங்கள்

குப்பியிலோ அட்டையிலோ பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். உங்களுக்குத் தேவையான பெயர் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். பூச்சிமருந்துக் குப்பியில் "குளோர்பைரிபாஸ் 20% இ.சி." என்று இருந்தால், நூற்றில் இருபது பங்கு அந்த நஞ்சு, மீதியில் பெரும்பகுதி அதைக் கரைத்து வைத்திருக்கும் பெட்ரோலிய வகைக் கரைப்பான் என்று பொருள். இந்த இரண்டாவது செய்தியும் முக்கியமானது. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கும்போது அந்தக் கரைப்பான் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கிப் புதிதாக ஓர் ஆபத்தை உண்டாக்கிவிடும்.

மாத்திரைகளில் பெயரைப் படிக்காமல் விடுவதால் என்ன நேரும் என்பதை ஓர் அம்மாவின் கைப்பையில் பார்த்தேன். மூன்று நாளாகக் காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்த அவர், தாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று அட்டைகளையும் மேசையில் எடுத்து வைத்தார். முதலாவது காய்ச்சலுக்கான பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை. இரண்டாவது பக்கத்து வீட்டில் கொடுத்த சளி மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று. மூன்றாவது முழங்கால் வலிக்காக ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த மாத்திரை, காலையும் இரவும். மூன்றுக்கும் பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம், வலி மாத்திரை ஒவ்வொன்றிலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தது. 2600, 1500, 650 ஆகிய மூன்றையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 4750 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு நாளில் தாண்டக் கூடாத உச்ச அளவு 4000 மில்லிகிராம். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும், தொடர்ந்து மது அருந்துகிறவர்களுக்கும், உணவே எடுக்காமல் மெலிந்திருப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அந்த அம்மா ஒரு மாத்திரையைக்கூடக் கூடுதலாக விழுங்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னபடிதான் சாப்பிட்டிருந்தார். அட்டைகளை அருகருகே வைத்துப் பார்க்க மட்டும் யாரும் சொல்லவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் அன்றே நிறுத்தச் சொல்லி, கல்லீரல் இரத்தப் பரிசோதனைக்காக மருத்துவரிடம் அனுப்பினேன்.

எனவே வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறையாவது ஒரே இடத்தில் பரப்பி வைத்து, அட்டையின் பின்புறம் உள்ள உட்பொருள் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். இதற்கு ஒரு தடை உண்டு, அதில் எங்கள் தொழிலுக்கும் பங்கிருக்கிறது. நான்கு மாத்திரை கேட்பவருக்கு அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. பெயர் உள்ள பகுதியை வெட்டிக் கொடுக்கும்படி கேளுங்கள். முடியாதென்றால் முழு அட்டையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பெயரையும் தேதியையும் உறையின் மீது எழுதித் தரச் சொல்லுங்கள். அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவோ விற்கவோ கூடாத மருந்து என்பதற்கான அடையாளம். அவற்றுள்ளும் எச்-1 பட்டியலில் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள் போன்றவற்றை விற்கும்போது, நோயாளியின் பெயரையும் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் நடைமுறையில் உள்ள விதி. கடைக்காரர் சீட்டு கேட்டால் அவர் தம் கடமையைச் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குப்பியின் மீதுள்ள நிறம் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு பூச்சிமருந்துக் குப்பியிலும் சாய்சதுர வடிவில் ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறமே நஞ்சின் தரத்தைக் காட்டுகிறது. சோதனை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது அவற்றில் பாதி இறந்துபோகும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. சிவப்புக் கட்டத்தின் மேல்பாதியில் மண்டை ஓடும் குறுக்கெலும்புகளும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எட்ட வேண்டிய இந்தச் செய்தியை, கடையிலிருந்து வீட்டுக்கு வந்த உடனே குடும்பத்தார் எல்லோருக்கும் காட்டிவிடுவது நல்லது.

ஆனால் அந்த நிறம், ஒரே தடவையில் விழுங்கினால் என்ன ஆகும் என்பதை மட்டுமே சொல்கிறது. தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ பல பருவங்கள் சிறிது சிறிதாகப் போனால் என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை. எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டையும் அது காட்டாது. களைக்கொல்லியான பாராகுவாட் மஞ்சள் முக்கோணத்தோடு விற்கப்படுவது. ஆயினும் மனித உடலுக்குள் போனால் நுரையீரலைத் தழும்பாக்கி மூச்சை நிறுத்தும் அந்தப் பொருளுக்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. ஆகவே சிவப்பைக் கண்டு அஞ்சுங்கள். மஞ்சளும் நீலமும் ஆபத்தற்றவை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முக்கோணத்துக்குப் பக்கத்தில் நஞ்சு அறிகுறிகளும் மாற்று மருந்தும் அச்சிடப்பட்டிருக்கும் பத்தியைத் தெளிப்பதற்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள், ஏனென்றால் மயங்கிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரத்தில் அதைப் படிக்க யாருக்கும் நிதானம் இருக்காது.

உடலுக்குள் போகும் வழி

"நான் குடிக்கவா செய்தேன், தெளிக்கத்தானே செய்தேன்" என்று பலர் கேட்பார்கள். 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆள் உயரம் வளர்ந்திருந்த பயிருக்குள் நடந்தபடி, பாதுகாப்பு உடையின்றித் தெளித்தவர்களின் தோலிலும் மூச்சிலும் அது போயிருந்தது.

தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இல்லை. உள்ளங்கை கொஞ்சம் தாங்கும். நெற்றி, தலை, அக்குள் ஆகியவை அதைவிட அதிகமாக உறிஞ்சும். தொடையிடுக்கும் பிறப்புறுப்புப் பகுதியும் பல மடங்கு உறிஞ்சும். முதுகில் மாட்டிய தெளிப்பானின் மூடியோ வாரோ கசியும்போது நீர் எங்கே வழிகிறது என்று கவனித்துப் பாருங்கள். முதுகுத்தண்டு வழியே இறங்கி, இடுப்பில் கட்டிய வேட்டியை நனைத்து, உடலில் அதிகம் உறிஞ்சும் இடத்திலேயே மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே வெயில், உள்ளே வியர்வை. இரண்டும் சேர்ந்து உறிஞ்சுதலை இன்னும் கூட்டுகின்றன. எனவே தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரை நிரப்பிக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதே நான் சொல்லக்கூடிய முதல் பாதுகாப்பு. அதற்கு ஒரு காசும் செலவில்லை. மருந்தைத் தண்ணீரில் கலக்கும் அந்த இரண்டு நிமிடம், மீதி முழு நாளைவிடவும் கவனம் வேண்டிய நேரம், ஏனென்றால் அப்போது கையில் இருப்பது நீர்த்துப்போகாத மருந்து. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அந்த நேரத்தில் கட்டாயம் வேண்டும். துணிக் கையுறையை அணிய வேண்டாம். அது நனைந்து, நஞ்சைத் தோலோடு கட்டி வைத்துவிடும். வாயைச் சுற்றிக் கட்டும் துண்டும் அப்படித்தான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்த்தே நடக்க வேண்டும், எதிர்க்காற்றில் தெளிக்கக் கூடாது. அடைத்துக்கொண்ட முனையை வாயால் ஊதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். தெளித்த உடைகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊற வைக்காமல் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் அந்த வாளியைத் தொட விடாதீர்கள்.

மருத்துவ மருந்துகளிலும் தோல் ஒரு வாசல்தான். படர்தாமரைக்கென்று வாங்கி முகத்தில் மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலியச் செய்து, நோயையும் ஆழமாகப் பரப்பிவிடும்.

மூச்சு வழி ஆபத்துக்கு வயலுக்குப் போக வேண்டியதில்லை. பொங்கலுக்கு முன் குளியலறையைச் சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, கறை போகவில்லையே என்று அதன் மேல் கழிவறை ஆசிட்டை ஊற்றினால், அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்ப்பவரின் தொண்டையும் நுரையீரலும் எரிந்துபோகும். ஒன்றைப் பயன்படுத்தினால், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். அதே நாளில் தொடாமல் இருப்பது இன்னும் நல்லது.

அறிகுறி இல்லாத நேரத்தை நம்பாதீர்கள்

குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தியைத் துண்டிக்கும் நொதி ஒன்றை முடக்குகின்றன. அதனால் நரம்பின் கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எச்சில் ஒழுகுதல், கண்ணீர், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, கடுகளவு சுருங்கிய கண்மணி, மங்கிய பார்வை, தசைத் துடிப்பு, மார்பில் சளி நிரம்பி மூச்சுத் திணறல் ஆகியவை சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தோன்றும். இவற்றை வெயில் மயக்கம் என்று எண்ணி மோர் கொடுத்துப் படுக்க வைப்பதுதான் நம் ஊர்களில் நிகழும் பெரிய தவறு. சிகிச்சையில் தேறியவருக்கும் முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கழுத்தைத் தூக்க முடியாமல் தசை தளர்ந்து மூச்சு நிற்கும் நிலை வரக்கூடும். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று மருத்துவமனையிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்து வந்துவிடாதீர்கள்.

வேறு சில நஞ்சுகள் அமைதியாக இருந்து பிறகு தாக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால், முதல் நாள் சிறிது வாந்தி, அடுத்த நாள் வழக்கம்போல விளையாட்டு, அதற்குப் பிறகு கல்லீரல் செயலிழப்பு என்று போகக்கூடும். அளவு மீறிய பாராசிட்டமாலும் இதே வழியில்தான் நடக்கிறது. கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் எலிக்கு வைக்கும் பசையும் ஒரே உறுப்பை, ஒரே விதமான ஏமாற்று அமைதிக்குப் பிறகு தாக்குகின்றன என்பதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நடுக்கமாக இருக்கிறது. பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து உண்டு, முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கினால் அது மிகச் சிறப்பாக வேலை செய்யும். ஆகவே வலியோ மஞ்சள் காமாலையோ தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

யாருடைய உடல், எதனோடு சேர்ந்து

பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு துளியின் எடை வேறு. பாராசிட்டமால் குழந்தை மருந்தில் மூன்று வகை உண்டு: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து. கைக்குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்தை, சிரப்பென்று எண்ணிக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தால் முதல் வகை சிரப்பைப்போல் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். குப்பியோடு வரும் அளவுமூடியையோ சொட்டுக் குழலையோ மட்டும் பயன்படுத்துங்கள். சமையலறைக் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு.

முதியவர்களிடம் நான் அதிகம் அஞ்சுவது ஒரு குறிப்பிட்ட கூட்டணியைத்தான். இரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற ஒன்றும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் எடுத்துக்கொண்டிருப்பவர், மூட்டு வலிக்கென்று டைக்குளோபெனாக்கையும் சேர்த்தால், மூன்றும் மூன்று பக்கமிருந்து சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. சித்திரை வெயிலில் வயலில் நின்று உடல்நீர் வற்றிய நாளில் அது இன்னும் வேகமாக நடக்கும். வலி மாத்திரை கேட்கும்போது "பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் எந்தப் புதிய மாத்திரைக்கும் முன்னால் தாம் அதை எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

வயல் மருந்தும் வாய் மருந்தும் நேராக மோதிக்கொள்ளும் இடமும் உண்டு. மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெப்பசிலும், தசைத் தளர்ச்சி நோய்க்குக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மினும் அந்தக் கரிம பாஸ்பரஸ் நஞ்சு முடக்கும் அதே நொதியைத்தான், அளவோடும் மருத்துவக் கண்காணிப்போடும் தடுக்கின்றன. அவற்றை உட்கொள்பவர் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. அண்மையில் தெளித்து உடல்நலம் குன்றியவர் அறுவை சிகிச்சைக்குப் போனால் மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். தசையைத் தளர்த்த அவர்கள் போடும் ஓர் ஊசி அந்த நிலையில் நெடுநேரம் இறங்காமல் மூச்சை முடக்கக்கூடும்.

ஏதாவது நேர்ந்துவிட்டால்

மருந்து மேலே பட்டவரைத் தெளித்த இடத்திலிருந்து அகற்றி, உடைகளைக் களைந்து, தலைமுடி, நகக்கண், தோல் மடிப்புகள் உட்படச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள்; கழுவுபவர் கையுறை அணிந்திருக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் அதே கால் மணி நேரம். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், முட்டை, மோர் எதுவும் வேண்டாம். மயங்கியிருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 108க்கு அழையுங்கள். புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தைக் கட்டணமில்லா எண் 1800 116 117இல் கேட்கலாம். குப்பியையோ அட்டையையோ மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்து எது என்பதை மருத்துவர் அந்த லேபிளைப் பார்த்து முடிவு செய்வார்.

உட்கொள்ளும் மாத்திரையால் தொல்லை என்று தோன்றினால் எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சிரைப்பு, வாய்ப்புண்ணோடும் கொப்புளத்தோடும் வரும் தடிப்பு ஆகியவை இருந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு மாத்திரைகளும், சல்பா வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினாலும் புதிதாகத் தொடங்கிய முதல் சில வாரங்களில் அந்தத் தடிப்பை உண்டாக்கக்கூடும். ஆனால் வாரக்கணக்கில் எடுத்த பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டையும், அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற இதய மாத்திரைகளையும், வலிப்பு மாத்திரையையும் சிறு தொந்தரவுக்காக நீங்களாகவே திடீரென நிறுத்துவது நோயைவிடப் பெரிய கேடு. மருந்தால் நேர்ந்த பக்கவிளைவை மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் அரசிடம் தெரிவிக்கலாம். அதற்கான கட்டணமில்லா எண் 1800 180 3024.

மருத்துவர் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பார், "என்ன மருந்து அடித்தீர்கள், எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்க அவருக்கு நேரமில்லாமல் போகலாம். அதனால் ஒரே தாளில் இடப்பக்கம் உட்கொள்ளும் மருந்துகளின் உட்பொருள் பெயர், அளவு, தொடங்கிய தேதி ஆகியவற்றையும், வலப்பக்கம் தெளித்த மருந்தின் பெயர், தெளித்த நாள், எத்தனை மணி நேரம் என்பதையும், சாயப்பட்டறையிலோ தோல் தொழிற்சாலையிலோ பெயிண்ட் வேலையிலோ இருப்பவரானால் அங்கே கையாளும் பொருளையும் எழுதி வையுங்கள். அந்தத் தாளை மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்துவிடலாம். பூச்சிமருந்தை மட்டும் அதற்குப் பக்கத்தில் வைக்காமல், வீட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டியில், அது வந்த குப்பியிலேயே வையுங்கள்; குளிர்பானப் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஒருபோதும் மாற்றி ஊற்றாதீர்கள். காலியான குப்பியை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, வேறெதற்கும் பயன்படாதபடி அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.